ஆன்லைன் கவுன்சலிங் முதுகலையை நிறுத்தியது நியாயமா? டெல்டாக்காரர்கள் சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். வயது 36, இரண்டு பிள்ளைகள். இப்போதெல்லாம் பாடம் பாதி வேலைதான். மீதிப் பாதி, இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் தயங்கித் தயங்கி வந்து நிற்கும் பெண்பிள்ளைகளின் கதையைக் கேட்பது. கேட்கிறேன், ஆனால் என்ன சொல்வதென்று தெரிவதில்லை. முறையாகப் படித்துவிட்டுச் செய்வோம் என்று ஆன்லைனில் கவுன்சலிங் சைக்காலஜி எம்.எஸ்சி. சேரப் பணம்கூட எடுத்து வைத்திருந்தேன். 2025 ஆகஸ்டில் யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, கதவைச் சாத்திவிட்டது. உளவியல் உட்பட உடல்நலம் சார்ந்த படிப்புகளை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்தக் கூடாது, அந்தக் கல்வியாண்டிலிருந்தே புதுச் சேர்க்கை கிடையாது என்று உத்தரவு. நேரில் படிப்பதென்றால் பகல் முழுக்க வகுப்பு. வேலையை விட்டால்தான் முடியும், விட முடியாது. இது நியாயமா?

பழைய வார்டு:
நியாயம்தான் அம்மா. கோபப்படாமல் கேளுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக 27 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா வந்தார், நாற்பது வயது இருக்கும். கேட்டதற்கெல்லாம் சிரித்த முகமாகப் பதில். "ஒண்ணும் இல்லை சார், தூக்கம்தான் வரலை" என்றார். நானும் தூக்கம் பற்றியே நாலு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டேன். மேஜைக்குக் கீழே அவர் கை முந்தானை நுனியைப் பிரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நூல் நூலாக. அவர் எழுந்து போன பிறகு நாற்காலிக்கு அடியில் பார்த்தால் ஒரு பிடி நூல் கிடக்கிறது. எனக்குப் பயிற்சி கொடுத்தவர் அதை முதலிலேயே பார்த்துவிட்டார். "கையைப் பார்த்தியா?" என்று மட்டும்தான் கேட்டார். நான் படித்த படிப்பு அதுதான். லேப்டாப்பில் தோளுக்குக் கீழே என்ன தெரியும்?

கஜா2018:
ஐயா, கதை நன்றாக இருக்கிறது. அந்தக் கையைப் பார்க்க எங்கள் ஊரில் ஆள் யார்? நான் ஒரத்தநாடு. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா அடித்து ஓய்ந்தபோது எங்கள் தோப்பில் நின்ற மரத்தை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது. அப்பா மூன்று மாதம் ஒரு மரத்தைக்கூட அறுக்க விடவில்லை. சாய்ந்த தென்னை மேல் உட்கார்ந்து பீடி பிடிப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் "வர்றேன் போ" என்பார், வர மாட்டார். அரிசி வந்தது, தார்ப்பாய் வந்தது, மரத்துக்கு இவ்வளவு என்று கணக்கெடுக்க ஆள் வந்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருத்தர் வரவில்லை. நானே பெற்ற பிள்ளை, எனக்கே பேசத் தெரியவில்லை. அதற்காகத்தான் உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே தொலைநிலையில் எம்.ஏ. சைக்காலஜி முடித்தேன். இந்தத் தடை அன்றைக்கே இருந்திருந்தால் இன்றைக்கும் உரக்கடையில்தான் இருப்பேன். இப்போது வாரம் மூன்று பள்ளிக்குப் போய் வருகிறேன். பசியோடு நிற்பவனிடம் தலைவாழை இலை போட்டால்தான் சாப்பிடலாம் என்று சொல்லாதீர்கள்.

குடமுருட்டி:
தம்பி, அந்த எம்.ஏ.வில் நேரில் எத்தனை பேரிடம் உட்கார்ந்து பேசினாய்? உண்மையைச் சொல்.

கஜா2018:
ஐந்து கேஸ் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று உண்மையாகவே எழுதினேன். இரண்டு சொந்தக்காரர்களை வைத்து ஒப்பேற்றினேன். கையெழுத்துப் போட்டவர் நான் ஒருத்தரிடம் பேசி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எந்த இடம் என்று கேட்காதீர்கள். போதுமா அண்ணே?

குடமுருட்டி:
போதும். உன் வாயாலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாய்.

கஜா2018:
அவசரப்படாதீர்கள். அது ஆன்லைனின் குற்றமா, மேற்பார்வை பார்க்காதவர்களின் குற்றமா? ரெகுலர் காலேஜில் யாரும் பக்கத்துப் பையனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியதே இல்லையா? இன்னொன்று. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் குப்பங்களில் வீடு வீடாகப் போய் ஜனங்களோடு உட்கார்ந்தவர்கள் எல்லாம் முதுகலை முடித்தவர்களா? சில நாள் பயிற்சி எடுத்த உள்ளூர் ஆட்கள்தானே.

குடமுருட்டி:
அவர்கள் யாரும் வாசலில் கவுன்சலர் என்று போர்டு மாட்டவில்லை. மணிக்கு இவ்வளவு என்று பீஸும் வாங்கவில்லை.

டெக்சாஸ் மருமகள்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கும்பகோணத்துப் பெண், டெக்சாஸில் இருக்கிறேன். மென்டல் ஹெல்த் கவுன்சலிங் மாஸ்டர்ஸை ஆன்லைனில்தான் முடித்தேன், அதனால் ஆன்லைன் என்றாலே ஏமாற்று என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் ஆன்லைன் என்றால் வீட்டிலேயே உட்கார்ந்து வாங்குவது என்று நினைத்துவிடாதீர்கள். கேக்ரெப் என்று இங்கே ஓர் அங்கீகார அமைப்பு. அதன் கணக்கில் மொத்தம் 60 கிரெடிட். தியரி வகுப்பு திரையில் நடக்கும். அப்புறம் பிராக்டிகம் என்ற முதல்கட்டக் களப்பயிற்சி 100 மணி நேரம், அதில் 40 நேரடியாக ஆட்களோடு. இன்டர்ன்ஷிப் 600 மணி நேரம், அதில் 240 நேரடியாக. இடத்தையும் மேற்பார்வையாளரையும் நானே வீட்டுப் பக்கம் தேடிப் பிடித்தேன், காரில் நாற்பது நிமிடம்.

என் மேற்பார்வையாளர் பேச்சின் பதிவை ஓடவிட்டு நடுவில் நிறுத்துவார். "அவர் அழ ஆரம்பிக்கும்போது நீ ஏன் தண்ணீர் கொடுத்தாய்? அவருக்குத் தாகமா, உனக்குத் தாங்கவில்லையா?" என்று ஒரு தடவை கேட்டார். அழுகிறவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அதில் கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அன்று இரவு தூங்கவில்லை.

பட்டம் வாங்கியதோடும் முடியாது. தேர்வு எழுத வேண்டும். டெக்சாஸில் அசோசியேட் உரிமத்தோடு மேற்பார்வையில் 3000 மணி நேரம், அதில் 1500 நேரடியாக. அதற்கு அப்புறம்தான் முழு உரிமம். மாநிலம் மாறினால் கணக்கும் மாறும். கணினியில் படித்தேன் என்று யாரும் என்னை இளக்காரமாகப் பார்த்ததில்லை, அந்த மணி நேரங்களை மட்டும்தான் கேட்டார்கள்.

பழைய வார்டு:
இந்தப் பெண் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன், எனக்கு எண் தெரியாது, இவருக்குத் தெரிகிறது. இங்கே ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இல்லாமல் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் வெறும் "கவுன்சலர்" என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். 2021இல் வந்த தேசியச் சட்டம்தான் கவுன்சலரையும் மனநல உதவிப் பணியாளரையும் முதல் தடவையாகப் பட்டியலில் சேர்த்தது. ஹெல்த்கேர் புரொஃபஷனல் என்ற பெயருக்குக் குறைந்தது 3600 மணி நேரப் படிப்பு என்கிறது அந்தச் சட்டம். யூஜிசி தடையும் அதை ஒட்டித்தான்.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கேலி செய்ய வேண்டாம். எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், தங்கிவிட்டுத்தான் வருவார்கள். புதிதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். அப்புறம் கவனித்தேன், அங்கே அவரோடு அம்மாவோ தங்கையோ 48 நாளும் கூடவே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நாங்கள் பத்து நிமிடம் கொடுத்தோம்.

கஜா2018:
ஐயா, உங்கள் பேச்சை வைத்தே கேட்கிறேன். 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி போன் சேவையை 2022 அக்டோபர் 10இல் இருந்து அரசே நடத்துகிறது. எங்கள் ஊர்க்காரர் போனில் அழலாம், நான் மட்டும் திரையில் படிக்கக் கூடாதா?

பழைய வார்டு:
அழலாம் தம்பி, நல்ல ஏற்பாடு. மறுமுனையில் கேட்கிறவர் நேரில் பழகியவராக இருக்க வேண்டும். குரலை மட்டும் வைத்துக் கையைப் பார்க்க, முதலில் நூறு கையைப் பார்த்திருக்க வேண்டும்.

கஜா2018:
அப்போது தியரியை ஆன்லைனிலும் பயிற்சியை நேரிலும் வைத்திருக்கலாமே, அந்த அக்கா படித்த மாதிரி? தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் சனிக்கிழமை உட்கார வைத்திருக்கலாம். ஒழுங்குபடுத்துவதற்குப் பதில் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். மதகு சரியில்லை என்று வாய்க்காலையே தூர்த்த கதை. சென்னைக்காரனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, கடைமடைக்குத்தான் தண்ணீர் வராது.

குடமுருட்டி:
இது மட்டும் சரி. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் கடைமடைக்கு எப்போது வருகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

வெண்ணாற்றங்கரை:
இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வீட்டிலிருந்து படிப்பது பற்றி யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சென்ற வருடம் ஆறு வார இலவச ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஜோடி ஜோடியாகப் பிரித்து ஒருவர் கவுன்சலர், ஒருவர் வந்தவர் என்று பேசிப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு ஜோடியாக வந்த பெண் நடிக்கவில்லை, சொந்தக் கதையையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வீட்டில் கதவு சாத்தினால் மின்விசிறி வேலை செய்யாத அறை ஒன்றுதான் தனியறை. அந்த நேரம் பார்த்து மாமியார் காபியோடு உள்ளே வந்து, "யாரும்மா அது, அழுவுது?" என்று திரையில் குனிந்து பார்த்தார். அந்தப் பெண் அதோடு கேமராவை அணைத்துவிட்டாள். அப்புறம் அவள் வகுப்புக்கே வரவில்லை. என் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததுதான் காரணமோ என்று இன்னும் உறுத்துகிறது.

நேற்று ஒரு ஏஜென்ட் போன் செய்தார். வெளிநாட்டுப் பட்டம், ஆன்லைன், தடையெல்லாம் அதற்குக் கிடையாது, இந்த வாரம் சேர்ந்தால் தள்ளுபடி என்றார். நீங்கள் எல்லாம் எழுதியதைப் படித்திருந்ததால், என் பயிற்சியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "வீடியோ எடுத்து அனுப்பினால் போதும் மேடம், யாரும் பார்க்க மாட்டாங்க" என்றார். தெம்பு கொடுக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

டெக்சாஸ் மருமகள்:
பணம் கட்டிவிடாதீர்கள் அக்கா. என்னுடைய பட்டத்தையே ஊருக்குக் கொண்டு வந்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பழைய வார்டு:
அம்மா, தஞ்சாவூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சனிக்கிழமைதோறும் உட்காருகிறேன். வருகிறவர் சம்மதித்தால் நீங்கள் ஓரமாக இருக்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் நான் கேட்பேன், நீங்கள் பதில் சொல்ல வேண்டும். இதற்குச் சான்றிதழ் கிடையாது.

வெண்ணாற்றங்கரை:
மதியம் ஒரு மணிக்குப் பள்ளி விட்டுவிடும் ஐயா. மூன்று மணிக்குள் வந்துவிடுவேன்.

பழைய வார்டு:
வாருங்கள். ஒரத்தநாட்டுத் தம்பியும் வரட்டும், பக்கம்தானே. அந்த ஒப்பேற்றிய இரண்டு கேஸையும் எழுதி முடித்துவிடலாம்.

கஜா2018:
வருகிறேன் ஐயா. ஆனால் தடை தப்பு என்பதில் எனக்கு மாற்றமில்லை.