7-4, 4-2, 6-3: ப்ளூ ஜேஸின் 2026 சீசனில் எதைக் கவனிப்பது?

நோட்டும்பென்சிலும்:

மார்ச் 27, வெள்ளிக்கிழமை, ரொறொன்ரோ ரோஜர்ஸ் சென்ரரில எங்கட பேஸ்போல் அணி ப்ளூ ஜேஸுக்கு அத்லெற்றிக்ஸோட முதல் மட்ச். அதுக்கு முதல் போன வருசக் கணக்கை ஒருக்கா முடிச்சுப் போடுவம்.

ஸ்கோர்காட் எழுதுற ஆக்களுக்குத் தெரியும், களத்தில நிற்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு இலக்கம். பிட்ச்சர் 1, கேட்சர் 2, முதலாம் பேஸ் 3, ரெண்டாம் பேஸ் 4, மூண்டாம் பேஸ் 5, ஷோர்ட்ஸ்ரொப் 6, வெளிக்களத்தில இடமிருந்து வலமா 7, 8, 9. பந்து யாரிட்ட இருந்து யாருக்குப் போச்சோ அந்த ஒழுங்கில எழுதினால், அவுட் எப்பிடி விழுந்ததெண்டு பத்து வருசம் கழிச்சும் வாசிக்கலாம்.

போன வருச இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில டொட்ஜர்ஸிட்ட கப்பை விட்டது மூண்டு குறிப்புக்குள்ள அடங்கும்.

7-4: ஒக்ரோபர் 31, ஆறாவது மட்ச், ஒன்பதாம் இன்னிங்ஸ், 3-1 பின்னுக்கு. ரெண்டாம், மூண்டாம் பேஸில ஆக்கள், ஒரு அவுட். ஹிமெனெஸ் அடிச்ச பந்தை கீகே ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பிடிச்சு அப்பிடியே ரெண்டாம் பேஸுக்கு எறிஞ்சார். பார்ஜர் திரும்ப வந்து சேரேல்லை. மட்ச் சரி.

4-2: அடுத்த நாள், ஏழாவது மட்ச், 4-4, மூண்டு பேஸும் நிறைஞ்சிருக்கு, ஒரு அவுட். வார்ஷோ அடிச்ச உருட்டுப் பந்தை ரோஹாஸ் எடுத்து ஹோமுக்கு எறிஞ்சார். கைனர்-ஃபலேஃபா சில அங்குலத்தால அவுட்.

6-3: பதினோராம் இன்னிங்ஸ், 5-4 பின்னுக்கு. கர்க்கின்ட மட்டை உடைஞ்சு பந்து பெற்ஸ் காலடிக்குப் போச்சு. ரெண்டாம் பேஸை மிதிச்சு, முதலாம் பேஸுக்கு எறிஞ்சு, எல்லாம் முடிஞ்சுது.

உந்த அணி சோடை இல்லை. 2024இல 74 வெற்றி, 2025இல 94. யாங்கீஸும் 94தான், நேருக்கு நேர் 8-5 எண்டு வெண்டபடியால் டிவிஷனில முதலிடம் எங்களுக்கு வந்தது. "அண்டைக்கு நான் அங்க இருந்தன்" கதை எல்லாரும் கேட்டாச்சு. இந்த வருசம் எதைப் பார்க்கிறது, எப்பிடிப் பார்க்கிறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ.

மூன்றாம்பேஸ்:

4-2 பற்றிச் சொல்கிறேன், அதைத்தான் பலரும் தப்பாகப் பேசுகிறார்கள். "கைனர்-ஃபலேஃபா ஏன் பேஸை ஒட்டியே நின்றார்?" என்று கேட்பது சுலபம். மூன்று பேஸும் நிறைந்து ஒரு அவுட் இருக்கும்போது, மூன்றாவது பேஸ் பக்கம் நேராக ஒரு பந்து பறந்து பிடிபட்டால், தள்ளி நிற்பவரும் சேர்ந்து போவார். இன்னிங்ஸே காலி. அன்று எதிரணி மூன்றாவது பேஸ்காரரும் பேஸை ஒட்டியே நின்றார். அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் தள்ளி நிற்பது வேறு, பந்து வரும்போது நகர்வது வேறு. பிட்ச்சர் கை பந்தை விட்டதும் ஓட்டக்காரர் பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி எடுத்து வைப்பார். பந்து பிளேட்டைத் தொடும் நேரத்தில் வலது கால் தரையில் ஊன்ற வேண்டும். முன்னதாக ஊன்றினால் வேகம் செத்துவிடும், தாமதமாக ஊன்றினால் திரும்ப முடியாது. அந்த இரண்டடிதான் அன்று இல்லை. அது ஃபோர்ஸ் அவுட் என்பதால் கேட்சர் ஆளைத் தொடவே வேண்டாம், பிளேட்டில் கால் இருந்தால் போதும்.

இன்னொன்றையும் பாருங்க. மூன்றாவது பேஸிலிருந்து போகும்போது கோட்டுக்கு வெளியே நடப்பார்கள், திரும்பும்போது கோட்டுக்கு உள்ளே வருவார்கள். வெளியே இருக்கும்போது அடித்த பந்து பட்டால் அவுட் இல்லை. உள்ளே வந்தால் கேட்சர் எறியும் பாதையை உடம்பு மறைக்கும். இதைச் செய்யாத ஓட்டக்காரரைப் பார்த்தால் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று அர்த்தம்.

7-4 விஷயத்தில் எனக்கு இரக்கம் கிடையாது. பார்ஜர்தான் சமன் செய்யும் ரன். பந்து தரையில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு ஓடியிருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. இடது களக்காரர் முன்னால் வந்து நிற்பது பந்து வீசும் முன்பே தெரியும். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஓட்டக்காரர் மூன்று வெளிக்களக்காரரையும் திரும்பிப் பார்க்கிறாரா என்று இந்த சீசனில் கவனிங்க. பார்க்காதவர்தான் மாட்டுவார்.

ஸ்பிளிட்டர்:

ஓட்டத்தில மட்டும் பழி போடாதேங்கோ. ஒன்பதாம் இன்னிங்ஸில ரோஹாஸ் அடிச்ச ஹோம் ரன், பதினோராம் இன்னிங்ஸில ஸ்மித் அடிச்ச ஹோம் ரன், ரெண்டும் ஸ்லைடர். ரெண்டும் வெட்டிக் கீழ இறங்காமல் நடுவில தொங்கின பந்து. ரோஹாஸுக்கு எண்ணிக்கை (போல்-ஸ்ட்ரைக்) 3-2, ஸ்மித்துக்கு 2-0. ரெண்டிலயும் பிட்ச்சருக்கு ஸ்ட்ரைக் போட வேண்டிய கட்டாயம். மூலை பார்த்துப் போட இடமில்லாத நேரத்திலதான் ஸ்லைடர் தொங்கும்.

அதுக்குத்தான் இந்த வருசம் காசு கொட்டியிருக்கினம். டிலன் சீஸ், ஏழு வருசம், 210 மில்லியன் அமெரிக்க டொலர். 2021இல இருந்து ஒவ்வொரு வருசமும் 200க்கு மேல ஸ்ட்ரைக் அவுட், 32 மட்சுக்குக் குறையாமல் தொடங்கியிருக்கிறார். குறை என்னெண்டால் நாலு போல் குடுத்து நடக்க விடுறது. போன வருச இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குக் குடுக்கிற ரன்) 4.55. அவர் வீசுற நாளில நாலாம் இன்னிங்ஸ் முடிய எத்தினை பந்து போச்செண்டு பாருங்கோ. 65க்குள்ள எண்டால் ஆறு இன்னிங்ஸ் தருவார். 80ஐத் தாண்டினால் ஐஞ்சோட நிண்டு, மிச்சத்தை புல்பென், அதாவது மாற்றுப் பிட்ச்சர்மார், சுமக்கும். அது மூண்டு நாளைக்குப் பிறகு வேற ஒருத்தற்ற மட்சில வலிக்கும்.

கோடி பொன்ஸ், கொரிய லீக்கில ஹன்வா ஈகிள்ஸுக்கு 17 வெற்றி, 1 தோல்வி, 252 ஸ்ட்ரைக் அவுட். அங்க அது சாதனை. இங்க அடிக்கிற ஆக்கள் வேற.

எனக்குப் பிடிச்சது டைலர் ரோஜர்ஸ். எங்கட இளம் பிட்ச்சர் யெசாவேஜ் கையை ஏறக்குறைய ஏழடி உயரத்தில இருந்து மேலயிருந்து கீழ இறக்கிறவர். ரோஜர்ஸ் முழங்காலுக்குக் கீழ, விரல் நிலத்தை உரசுற மாதிரி விடுறவர். ஒரே இரவில ரெண்டு பேரையும் சந்திக்கிற அடிப்பவருக்குக் கண் பழக நேரமில்லை. ரோஜர்ஸின்ட பந்து வேகமில்லை, ஆனால் ஆக்கள் உருட்டி அடிப்பினம். அதால அவர் வாற நேரம் உள்களம் சுத்தமா இருக்க வேணும்.

மார்ச் மாதச் செய்தி வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு கணக்கு. தொடக்கப் பிட்ச்சர் டனீடின் பயிற்சி முகாமில முதல் தரம் ஒண்டு ரெண்டு இன்னிங்ஸ், முப்பது பந்து அளவில வீசுவார். ஐஞ்சு நாளுக்கு ஒருக்கா பதினைஞ்சு பதினைஞ்சா ஏத்தி, ஐஞ்சாறு தரத்தில 85, 90க்கு வருவார். இடையில "முன்னங்கை இறுக்கம்" எண்டு ஒரு தரம் தவறினால் விட்ட இடத்தில தொடங்கேலாது, ரெண்டு படி இறங்க வேணும். இஆர்ஏயைப் பார்க்காதேங்கோ, பந்து எண்ணிக்கையைப் பாருங்கோ.

கோட்டுக்குள்ளே:

எல்லாரும் பழசையே பேசுகிறோம். இந்த சீசனில் ஆட்டத்தையே மாற்றப் போவது ஏபிஎஸ் சேலஞ்ச், அதாவது அம்பயர் சொன்ன பால், ஸ்ட்ரைக்கைக் கருவியிடம் சரிபார்க்கக் கேட்பது. நம்ம ஆட்களுக்கு கிரிக்கெட் டிஆர்எஸ் தெரியும், அதிலிருந்து தொடங்கினால் பாதி விளங்கிவிடும், மீதிப் பாதியில் ஏமாறுவோம்.

ஒரு அணிக்கு இரண்டு சேலஞ்ச். ஜெயித்தால் கையிலேயே இருக்கும், தோற்றால் போச்சு. இதுவரை டிஆர்எஸ் மாதிரிதான். கூடுதல் இன்னிங்ஸ் தொடங்கும்போது கையில் ஒன்றும் இல்லாத அணிக்கு ஒன்று கிடைக்கும். கேட்கக்கூடியவர் மூன்று பேர் மட்டும்: பேட்டர், பிட்ச்சர், கேட்சர். தொப்பியையோ ஹெல்மெட்டையோ தட்ட வேண்டும், அதுவும் உடனே, இரண்டு விநாடிக்குள். கேப்டனோடு கூடிப் பேசுவது, டக்அவுட்டைப் பார்ப்பது, எதுவும் கிடையாது. டக்அவுட்டிலிருந்து சைகை வந்ததாக அம்பயர் நினைத்தால் மறுத்துவிடலாம்.

முக்கியமான வித்தியாசம், இங்கே "அம்பயர்ஸ் கால்" இல்லை. பந்தின் ஓரம் மயிரிழையில் ஸ்ட்ரைக் கட்டத்தைத் தொட்டாலும் ஸ்ட்ரைக். தொடாவிட்டால் பால். நடுவே இன்னொரு தீர்ப்பு கிடையாது.

அந்தக் கட்டம் எங்கே? அகலம் பிளேட்டின் 17 அங்குலம். மேல்விளிம்பு ஆட்டக்காரர் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ்விளிம்பு 27 சதவீதம். குனிந்து நின்றாலும் மாறாது, நிமிர்ந்து நிற்க வைத்து அளந்த உயரம். ஐந்தடி எட்டு அங்குலக் கர்க்குக்குக் கணக்குப் போட்டால் மேல்விளிம்பு 36.4 அங்குலம், கீழ்விளிம்பு 18.4. ஆறடி ஏழு அங்குல ஆரன் ஜட்ஜுக்கு 42.3, 21.3. மேல்விளிம்பில் மட்டும் ஆறு அங்குல வித்தியாசம். பேஸ்பால் பந்தின் விட்டம் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, ஆக இரண்டு பந்து அடுக்கிய உயரம். ஜட்ஜுக்கு மார்புக்குக் கீழே ஸ்ட்ரைக்காக வரும் பந்து கர்க்குக்கு வந்தால் அவர் ஹெல்மெட்டைத் தட்டலாம்.

எங்கே தப்பு நடக்கும் என்றால், கட்டம் பிளேட்டின் நடுக்குறுக்கில் நிற்கும் ஒரு தட்டையான சட்டம். பிளேட்டின் முன்விளிம்பிலிருந்து எட்டரை அங்குலம் உள்ளே. பெரிய கர்வ் பந்து ஒன்று முன்விளிம்பில் முழங்கால் உயரத்தைத் தொட்டுவிட்டு நடுக்குறுக்குக்கு வருவதற்குள் கீழே போய்விடும். பழைய கண்ணுக்கு அது ஸ்ட்ரைக், ஏபிஎஸ்ஸுக்கு பால். "நல்லாத்தானே வந்தது" என்று பிட்ச்சர் தொப்பியைத் தட்டினால் ஒரு சேலஞ்ச் வீண்.

அதனால் பிட்ச்சர் கேட்கவே கூடாது என்பது என் கட்சி. 2025 மார்ச் பரிசோதனை ஆட்டங்களில் ஒட்டுமொத்தமாகப் பாதிக்குச் சற்று மேல் ஜெயித்தன, அதில் கேட்சர்கள் முன்னால், பிட்ச்சர்கள் கடைசி. வீசி முடித்து ஒரு பக்கம் சரிந்து நிற்பவருக்கு எப்படித் தெரியும்? கேட்சரின் கையுறைக்குத் தெரியும். கர்க் பந்தை மெல்ல உள்ளே இழுத்து அம்பயரை ஸ்ட்ரைக் சொல்ல வைப்பதில் கெட்டிக்காரர். அந்தத் திறமை செத்துப்போகாது, சேலஞ்ச் கேட்காத பந்துகளுக்கு அம்பயர் சொன்னதுதான் முடிவு. இனி அதே கர்க் "இது நான் இழுத்ததா, உண்மையிலேயே உள்ளே வந்ததா" என்று இரண்டு விநாடியில் தனக்குத்தானே பொய் சொல்லாமல் முடிவெடுக்க வேண்டும்.

எப்போது கேட்பது? முதல் இன்னிங்ஸில் ஆளில்லாமல் 0-0வில் கேட்டால் அது கோபம், கணக்கு இல்லை. 3-2வில், இரண்டு மூன்று பேஸில் ஆள் நிற்கும்போது கேட்டால் ஒரு ரன்னே கைமாறும்.

நோட்டும்பென்சிலும்:

"தனக்குத்தானே பொய் சொல்லாமல்". உதைக் களவா எடுத்துக் குறிச்சு வைக்கிறன்.

வலதுகைக்காரன்:

ஷோர்ட்ஸ்ரொப் பிஷெட் இல்லாததை ஒருத்தரும் சொல்லவில்லையே. 2025இல் .311 சராசரியில் அடித்தவர், மெற்ஸுக்குப் போய்விட்டார். போன வருசம் லீக்கிலேயே கூடுதல் சராசரி ப்ளூ ஜேஸுடையது, .265. ஸ்ட்ரைக் அவுட் ஆவதும் இவர்கள்தான் குறைவு. அந்தக் குணம் ஒரு ஆள் போனதால் எவ்வளவு குறையும் என்பதுதான் மே மாதம் வரை கேள்வி. ஹிமெனெஸ் ஷோர்ட்ஸ்ரொப்புக்கு வந்தால் களத்தில் லாபம், மட்டையில் நட்டம்.

மூன்றாம் பேஸுக்கு வரும் கஸுமா ஒகமோட்டோ, யோமியூரி ஜயன்ட்ஸ், நாலு வருசம், 60 மில்லியன். 2018இலிருந்து 2023வரை தொடர்ந்து ஆறு சீசன் 30 ஹோம் ரன்னுக்குக் குறையவில்லை. போன வருசம் இடது முழங்கை காயப்பட்டு 69 ஆட்டம்தான், அதற்குள் 15. ஜப்பானில் பெரும்பாலும் திங்கள் ஓய்வு, 143 ஆட்டம். இங்கே 162, ஓய்வு நாள் எப்போது வருமென்று சொல்ல முடியாது. பந்தின் வேகமும் கூட.

அவர் பழகிவிட்டாரா என்று ஹோம் ரன்னைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். வேகப்பந்தில் வரும் ஃபவுலைப் பாருங்கள். வலதுகைக்காரர் அடித்து முதலாம் பேஸ் பக்கம் ஃபவுல் போனால் மட்டை பிந்துகிறது. நேரே பின்னுக்கு, வலையில் பட்டால் நேரம் சரி, அடியில்தான் தட்டுகிறார். மூன்றாம் பேஸ் பக்கம் போனால் முந்துகிறார், அடுத்த பந்து மெதுவாக வரும். 95 மைல் பந்துகளில் முதலாவது வகை குறைந்து இரண்டாவது வகை கூடுகிற வாரம், ஆள் தயார்.

இருபத்தாறு:

சின்னக் குறிப்பு. அணியில் 26 பேர், பிட்ச்சர் 13க்கு மேல் கூடாது. செப்டம்பரில் 28. காயப் பட்டியல் பிட்ச்சருக்கு 15 நாள், மற்றவர்களுக்கு 10. 60 நாள் பட்டியலில் போட்டால்தான் அணியின் மொத்த 40 பேர் பட்டியலில் இடம் காலியாகும். ஆகவே "60 நாள்" என்று செய்தி வந்தால் காயம் பெரிது என்பதோடு, புதிதாக ஒருத்தர் வரப்போகிறார் என்றும் வாசிக்க வேண்டும்.

ஐந்நூறாம்தட்டு:

நேரில போற ஆக்களுக்கு. மூண்டாம் பேஸ் ஓட்டக்காரற்ற கால் பார்க்க வேணுமெண்டால் மூண்டாம் பேஸ் பக்கம் 500 தட்டில இருங்கோ. ப்ளூ ஜேஸ் டக்அவுட்டும் அந்தப் பக்கம் எண்டதால எல்லாரும் அங்க முண்டுவினம், ஆனால் அங்க இருந்து கோட்டுக்குக் குறுக்கால பார்த்தால்தான் ஓட்டக்காரர் எவ்வளவு தள்ளி நிற்கிறாரெண்டு நல்லா விளங்கும். ஸ்ட்ரைக் கட்டம் பார்க்க பிளேட்டுக்கு நேர் பின்னால மேல. பக்கத்தில இருந்தால் உயரம் தெரியும், உள்ளயோ வெளியயோ தெரியாது.

ஏப்ரலில கூரை அநேகமா மூடித்தான் இருக்கும். பிறகு வெயில் காலத்தில திறக்கிற நாளெண்டால் கொஞ்சம் வெள்ளன போங்கோ, முழுசாத் திறக்க இருபது நிமிசம் மட்டில எடுக்கும், பார்க்கத்தக்க காட்சி.

ஸ்காபரோவில இருந்து காரை மறவுங்கோ. எஜின்கோர்ட், மில்லிக்கன் பக்கம் எண்டால் ஸ்ரூவில் கோ ரெயின், தெற்குப் பக்கம் எண்டால் கில்ட்வுட், எக்ளின்ரனில லேக்‌ஷோர் ஈஸ்ற். யூனியனில இறங்கி ஸ்கைவோக்கால நடந்தால் மழையும் நனையாது. ரிரிசியில இருந்து கோவுக்கு மாறினால் ஒரு கட்டணம்தான், ஆனால் ரெண்டு இடத்திலயும் ஒரே காட்டைத் தட்ட வேணும். போகேக்க ஃபோனால, வரேக்க பிரஸ்ரோ காட்டால தட்டினால் பரவாயில்லை. ஒரே பயணத்தில மாத்தித் தட்டினால் ரெண்டு தரம் காசு வெட்டும். சாப்பாடு கொண்டுபோக விடுவினம், கண்ணாடிப் போத்தலும் ரின்னும் கூடாது. ரோல்ஸை பேப்பரில சுத்தி மேல வையுங்கோ, வாசலில பையைத் திறந்து பார்க்கிற நேரம் அடியில கிடந்தால் நசியும்.

கோட்டுக்குள்ளே:

நோட்டும்பென்சிலும், ஒரு கேள்வி. சேலஞ்சை ஸ்கோர்கார்டில் எப்படி எழுதுவீங்க? பழைய அட்டையில் அதற்கு இடமே இல்லையே.

நோட்டும்பென்சிலும்:

பொதுவான குறி இன்னும் இல்லை, ஆனால் இப்பிடிச் செய்தால் குழம்பாது. தாளின்ட மேல் மூலையில ஒவ்வொரு அணிக்கும் ரெண்டு சின்னப் பெட்டி கீறுங்கோ. தோத்தால் ஒரு பெட்டியை வெட்டுங்கோ, வெண்டால் ஒண்டும் செய்யாதேங்கோ. அடிப்பவற்ற கட்டத்துக்குள்ள போல், ஸ்ட்ரைக் புள்ளி வைக்கேக்க, மாத்தின புள்ளியைச் சுத்தி ஒரு வட்டம். கேட்டது யாரெண்டு பக்கத்தில இலக்கம்: பிட்ச்சர் 1, கேட்சர் 2. அடிப்பவர் கேட்டால் "அ". பென்சில் எச்பி வேண்டாம், 2பி எடுங்கோ. அம்பயர் சொன்னதை அழிச்சு மறுபடி எழுதுற சீசன் இது.