பொருள்: அணை நீர் இறங்கியதும் வெளியே தெரியும் கரைக்கு ஒரு சொல் (திங்கட்கிழமைக்குள்)

மூணாறிலிருந்து, பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்து நீர்த்தேக்கம் ஒன்றின் கரையில் எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள். மலையாள வாசகம் தயார். தமிழ் வாசகத்தை நான் திங்கட்கிழமை பலகை எழுதுபவரிடம் கொடுக்க வேண்டும்.

பொறியாளர்கள் 'டிராடவுன் ஸோன்' என்று சொல்லும் இடம்தான் சிக்கல். குண்டளை, மாட்டுப்பெட்டி நீர்த்தேக்கங்கள் தென்மேற்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் பள்ளிவாசல் மின் நிலையத்துக்கு நீர் கொடுத்துக் கொடுத்து இறங்குகின்றன. நிறைநீர் மட்டத்துக்கும் அன்றைய மட்டத்துக்கும் நடுவே ஒரு பட்டை நிலம் தலைகாட்டுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் அது மிக அகலம். விடுமுறைக் கூட்டம் வருவதும் அப்போதுதான். மேலே பார்த்தால் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்த மண். படம் எடுக்க அதன்மேல் நடந்து போகிறார்கள். பாளம் உடைந்தால் முழங்கால் வரை களி. காலை இழுத்தால் செருப்பு உள்ளேயே நின்றுவிடும். மற்றக் காலை அழுத்தி ஊன்றினால் அதுவும் புதையும். இதற்கு 'வற்றுகரை' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

குமுளியிலிருந்து, தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு):

அம்மா, 'வற்று' பொருந்தாது. வெயிலில் தானாகக் குறைவதுதான் வற்றுதல். அணையில் நீரை நாம் எடுக்கிறோம். ஏரிப் பாசன ஊர்களில் கரைக்கு உட்பட்ட நிலத்தை 'உள்வாய்' என்பார்கள். ஆயத்தமாக இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிது தேடுவானேன்? சேற்றின் ஆபத்தும் தெரிய வேண்டுமென்றால் 500ஆம் குறளுக்குப் போங்கள். வேல் வீரரையே கோத்தெடுத்த களிறு 'காலாழ் களரில்', அதாவது கால் புதையும் சேற்றில், சிக்கினால் நரிக்கு இரையாகும். ஆனையிறங்கல் என்றே ஒரு நீர்த்தேக்கம் உள்ள வட்டாரத்தில் 'களர்க்கரை'யைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? களி, களிமண், களர் மூன்றும் ஒரு வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. 'அளறு' என்ற சொல்லையும் நினைவூட்டுகிறேன். அதற்குச் சேறும் பொருள், நரகமும் பொருள். 835ஆம் குறளில் பேதை புக்கு அழுந்துவது அதில்தான். இதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

போடியிலிருந்து, வேளாண் துறையில் இருந்தவர்:

ஐயா, களர் நிலம் என்றால் இன்று எந்த உழவரும் சோடியம் மிகுந்த மண்ணைத்தான் நினைப்பார், ஜிப்சம் இட்டுத் திருத்த வேண்டிய நிலம். பாடநூலிலும் அதே பொருள் ஊன்றிவிட்டது. அதைப் பெயர்த்தெடுக்க முடியாது. 'இறங்குகரை' எளிமையாக இருக்கிறது.

அடிமாலியிலிருந்து, மின் நிலையத்தில் பணியாற்றியவர்:

'இறங்குகரை' வேண்டவே வேண்டாம். படகிலிருந்து இறங்கும் இடத்துக்கு இறங்குதுறை என்று பெயர். பலகைக்குப் பக்கத்திலேயே படகுத்துறை இருக்கும். வண்டியிலிருந்து குதிக்கும் பிள்ளைகளுக்கு 'இங்கே இறங்கலாம்' என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

இன்னொன்று. நீர் இறங்குவதை மட்டும் சொன்னால் போதாது, திரும்ப ஏறுவதையும் சொல் உணர்த்த வேண்டும். 1940இல் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமாகப் பள்ளிவாசல் ஓடத் தொடங்கியதிலிருந்து முதிரப்புழையாற்று நீரை நாம் சும்மா விட்டதில்லை. பள்ளிவாசலில் சுழலியைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீரைப் பம்ப் செய்து செங்குளம் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, மறுபடி மின்சாரம் எடுக்கிறோம். எந்திரம் நின்றாலும் மேலே மழை கொட்டினாலும் மட்டம் மாறும். நாளிதழ்கள் 'கடல் உள்வாங்கியது' என்று எழுதுகின்றன. உள்வாங்கிய நீர் திரும்பி வரும் என்று 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'உள்வாங்குகரை' என்று வைப்போம்.

குமுளியிலிருந்து:

சொல் நயமானது, ஆனால் வினைத்தொகையை விரித்துப் பாருங்கள். நீர் உள்வாங்கிய கரையா, நீரை உள்வாங்கும் கரையா, ஆளை உள்வாங்கும் கரையா? உண்கலம், உறைவிடம் போன்றவற்றில் இந்தக் குழப்பம் இல்லை.

அடிமாலியிலிருந்து:

ஐயா, மூன்றாவதும் உண்மைதானே. அந்தப் பொருளில் படித்தாலும் உயிர் தப்பும்.

மறையூரிலிருந்து:

இவ்வளவு சுற்ற வேண்டுமா? தோட்டத்தில் எல்லோருக்கும் 'சதுப்பு' தெரியும், மலையாளத்திலும் அதே சொல். ஆனால் சென்னையிலிருந்து வருபவர் சதுப்பு என்றதும் பள்ளிக்கரணையையும் பறவைகளையும் நினைத்துக்கொண்டு ஆவலாக உள்ளே போவார் என்பதும் உண்மை. அதனால் 'புதைசேறு' என்கிறேன். புதைமணல் தெரிந்தவருக்குப் புதைசேறு விளங்கும். மலை இடுங்கிய இடத்தை இடுக்கி என்றும், யானை இறங்கிய இடத்தை ஆனையிறங்கல் என்றும் சொன்ன மக்கள் எந்தக் குழுவையும் கூட்டவில்லை, கண்டதைச் சொன்னார்கள்.

மூணாறிலிருந்து:

நாள் நெருங்கிவிட்டது. பெரும்பாலோர் ஒப்பியபடி பலகைக்கு இதை அனுப்புகிறேன்:

"எச்சரிக்கை! புதைசேறு. காய்ந்ததுபோல் தெரியும் கரையில் நடக்காதீர்கள். நீர்மட்டம் திடீரென உயரக்கூடும்."

என் வகுப்புப் பிள்ளைகளின் சொற்பட்டியலில் 'உள்வாங்குகரை' இருக்கும்.

குமுளியிலிருந்து:

பலகைக்கு மறுப்பில்லை. சொற்பட்டியலுக்கு மறுப்பு உண்டு, பதிவு செய்துகொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஏரியையே பார்க்காமல் வளர்கிறது. 'உள்வாய்' அதன் காதில் விழ இருந்த ஒரே வாய்ப்பையும் எடுத்துவிட்டோம். அடைப்புக்குள்ளாவது போடுங்கள் அம்மா.

அடிமாலியிலிருந்து:

போடலாம், எனக்கும் சம்மதம். பலகையை மட்டும் நிறைநீர் மட்டத்துக்கு மேலே நடச் சொல்லுங்கள். இப்போதைய நீரோரத்தில் நட்டால் ஜூலையில் முழுகிவிடும். அடுத்து 'டெயில் ரேஸ்', அதாவது மின் நிலையத்திலிருந்து நீர் வெளியேறும் கால்வாய், இருக்கிறது. மின் நிலையத்துக்குக் கீழே ஆற்றில் குளிப்பவர்களுக்கும் ஒரு பலகை வேண்டும். 'வால்நீர்' என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள்.