பனி கரைந்த பின் புற்றரையில் மூன்று விதமான சேதம்: இப்போதே விதை போடலாமா?

ஸ்காபரோவாசி (கேள்வி)

வணக்கம். சென்ற கோடையில் கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீட்டின் புற்றரை தொடர்பாக ஆலோசனை வேண்டி இதை எழுதுகிறேன். ஏப்ரல் தொடக்கத்தில் பனி முழுவதும் கரைந்த பிறகு பார்த்தபோது, முன்முற்றத்தில் நாங்கள் வழித்த பனியைக் குவித்து வைத்த இடத்தில் வெளிறிய வைக்கோல் நிறத்தில் வட்ட வட்டமாகத் திட்டுகள் காணப்பட்டன. அங்கே புல் நிலத்தோடு படிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. கார் நிறுத்தும் பாதையின் ஓரமாக ஏறத்தாழ ஓர் அடி அகலத்துக்குப் புல் காய்ந்துவிட்டது. பின்வளவில் ஏதோவொரு விலங்கு இரவில் வந்து புல்லைக் கிளறிப் புரட்டிப் போட்டிருக்கிறது.

புற்றரை வேலை செய்யும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பழையதை முழுவதும் வெட்டியெடுத்துப் புதிய புல் பதிக்க வேண்டும் என்று சொல்லி, எங்களுக்குக் கட்டுப்படியாகாத தொகையைக் கேட்டார். அதனால் நானே செய்து பார்க்கலாம் என்று புல்விதை, உரம், களை முளைக்காமல் தடுக்கும் கோர்ன் குளூட்டன் தூள் ஆகியவற்றை வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வார இறுதியில் மூன்றையும் ஒன்றாகத் தூவிவிடலாமா? பின்வளவின் ஒரு மூலையில் மிளகாயும் கத்தரியும் பாவலும் வைக்கும் எண்ணமும் உண்டு.

வளவுக்காரன்

தயவுசெய்து மூன்றையும் ஒன்றாகத் தூவ வேண்டாம். கோர்ன் குளூட்டன் களைவிதை எது, புல்விதை எது என்று பார்ப்பதில்லை. முளைவிடும் எந்த விதையின் வேரையும் அது வளரவிடாது. அதைத் தூவிய இடத்தில் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் புல்விதை போட்டுப் பயனில்லை. ஆகவே வெறுமையான இடங்களுக்கு விதையையும், புல் அடர்த்தியாக இருந்தும் களை வரும் இடங்களுக்கு அந்தத் தூளையும் எனப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அயலில் போர்சித்தியா செடிகள் மஞ்சளாகப் பூக்கும் காலமே தூளைப் போடுவதற்கு உரிய காலம்.

நீங்கள் சொல்லும் வட்டத் திட்டுகள் பனிப்பூஞ்சணமாக இருக்க வேண்டும். நிலம் நன்றாக உறைவதற்கு முன்பே பனி மூடி, இரண்டு மாதத்துக்கு மேல் கரையாமல் கிடந்தால், அதன் அடியில் இந்தப் பூஞ்சணம் வளரும். குவித்து வைத்த பனி கடைசியாகக் கரைவதால் அங்கேதான் அதிகம் தெரியும். குனிந்து காய்ந்த இலைகளைப் பிரித்துப் பாருங்கள். கடுகளவிலோ அதிலும் சிறிதாகவோ கபில நிறத்திலும் கறுப்பிலும் உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது சாம்பல்நிறப் பனிப்பூஞ்சணம். அது பெரும்பாலும் இலையோடு நின்றுவிடும். புல்லின் அடிக்குருத்து பிழைத்துக்கொள்ளும். ஓரங்கள் இளஞ்சிவப்பாக இருந்தால் அது மற்ற வகை. அது சில வேளைகளில் குருத்தையும் கொன்றுவிடும். இரண்டுக்கும் மருந்து தேவையில்லை. நிலம் காய்ந்த பிறகு விறாண்டியால் மெதுவாக வாரி, ஒட்டிக் கிடக்கும் புல்லை நிமிர்த்திக் காற்றுப் படவிட்டால் போதும்.

நிலம் காய்ந்துவிட்டதா என்பதை அறிய ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். கட்டியாகவே நின்றால் இன்னும் பொறுத்திருங்கள். தட்டியதும் உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். முதல் வெயில் கண்டதும் எங்கள் தெருவில் எல்லோரும் விறாண்டியோடு இறங்கிவிடுவார்கள். ஈரக் களிமண்ணை மிதித்து இறுக்கிவிட்டு, பிறகு அதைத் துளைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பவர்களும் அவர்களேதான்.

பாதையோரத்துச் சேதத்துக்குக் காரணம் நீங்கள் போட்ட உப்பும் வீதியிலிருந்து தெறித்த உப்பும். பல நாட்களுக்கு ஆழமாக நீர் ஊற்றி உப்பைக் கீழே இறக்குங்கள். மண் களியாக இருந்தால் ஜிப்சம் தூவிய பின் நீர் ஊற்றுங்கள். ஜிப்சத்தின் கல்சியம் மண்ணில் பிடித்திருக்கும் சோடியத்தை விடுவிக்கும், நீர் அதைக் கழுவிச் செல்லும். அதற்குப் பிறகே விதை.

மண்புழு

பின்வளவைக் கிளறியது ஸ்கங்க்காகவோ ரக்கூனாகவோ இருக்கலாம். புல்லுக்கு அடியில் உள்ள வெள்ளைப் புழுக்களைத் தேடித்தான் அவை வருகின்றன. புல்லைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாயைச் சுருட்டுவதுபோல வேரில்லாமல் கழன்று வந்தால், புழு வேரைத் தின்றுவிட்டது என்று பொருள். கழன்று வராவிட்டாலும், சேதமான பகுதியின் ஓரத்தில் ஒரு சதுர அடி புல்லை மூன்று பக்கம் வெட்டி மடித்து, அடியில் இருக்கும் புழுக்களை எண்ணிப் பார்த்து இங்கே எழுதுங்கள். எண்ணாமல் மருந்து வாங்குவது வீண்செலவு.

ஸ்காபரோவாசி

நன்றி. வெட்டிப் பார்த்தேன். மங்கலான வெண்ணிறத்தில், தலை மட்டும் கபிலமாக, கால்களை ஒடுக்கி அரைவட்டமாக வளைந்து கிடந்த புழுக்கள் மூன்று இருந்தன. வாலின் முனை உள்ளிருக்கும் மண்ணால் கருமையாகத் தெரிந்தது. புல் கழன்று வரவில்லை. முன்முற்றத்துத் திட்டுகளில் நீங்கள் சொன்ன கறுப்பு உருண்டைகளும் உள்ளன. புழுவுக்கு இப்போதே ஏதாவது அடிக்க வேண்டுமா?

மண்புழு

வேண்டாம். ஒரு சதுர அடியில் ஐந்து முதல் பத்துக்கு மேல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இவை சேஃபர் வண்டின் அல்லது ஜப்பானிய வண்டின் புழுக்களாக இருக்கலாம். இப்போது நன்கு பருத்துவிட்டதால், இவற்றைக் கொல்வதற்கென விற்கப்படும் நுண்புழுக்களான நெமட்டோடுகளுக்கு எளிதில் மடங்காது. சில வாரங்களில் அவை தின்பதை நிறுத்திக் கூட்டுப்புழுவாகிவிடும். நெமட்டோடு ஊற்றுவதற்குச் சரியான காலம் ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான். அப்போது புழுக்கள் புதிதாகப் பொரித்துச் சிறியனவாக இருக்கும். வெயில் பட்டால் நெமட்டோடுகள் இறந்துவிடும் என்பதால், மாலையில் நிலத்தை நனைத்து, ஊற்றி, மறுபடியும் நனைக்க வேண்டும். இப்போதைக்குக் கிளறிய புல்லை அதே இடத்தில் அமர்த்தி, மிதித்து, நீர் ஊற்றுங்கள்.

வளவுக்காரன்

அப்படியானால் வெட்டியெடுத்துப் புதிய புல் பதிக்க ஒரு காரணமும் இல்லை. மண்ணின் வெப்பம் 10 பாகை செல்சியஸைத் தாண்டிய பின், அதாவது ஏப்ரல் இறுதியிலிருந்து, விதை போடுங்கள். எந்தெந்தப் புல்வகைகள் கலந்துள்ளன என்று விதைப் பொதியின் பின்புறத்தைப் படித்துவிட்டுப் போடுவது நல்லது. கென்டக்கி புளூகிராஸ் முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும், உப்பையும் தாங்காது; ரைகிராஸ் பத்து நாட்களுக்குள் முளைத்துவிடும், உப்பை ஓரளவு தாங்கும். பாதையோரத்துக்கு ரைகிராஸ் கூடுதலாக உள்ள கலவையே பொருத்தம். முளைக்கும் வரை மேல்மண் காயாமல் ஒரு நாளில் இருமுறை இலேசாக நனையுங்கள். இளவேனிலில் சரியாக வராத இடத்துக்கு ஆகஸ்ட் நடுவில் மறுபடி விதைக்கலாம். உண்மையில் அதுவே சிறந்த பருவம். உரத்தை மே இறுதி வரை திறக்கவே வேண்டாம். புல்லை ஆறு முதல் எட்டுச் சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள்.

களைக்கொல்லி வாங்க நினைத்தால் ஒரு விடயம்: அழகுக்காக இரசாயனப் பூச்சிகொல்லிகளையும் களைக்கொல்லிகளையும் பயன்படுத்துவதை எங்கள் மாகாணமான ஒன்ராறியோ 2009 ஏப்ரல் 22 முதல் தடைசெய்திருக்கிறது. இரும்பைக் கொண்டு செய்த களைக்கொல்லி அனுமதிக்கப்பட்ட ஒன்று; டன்டலையன் போன்ற அகன்ற இலைக் களைகளை அது கருக்கும், புல்லைத் தொடாது.

பாவற்கொடி

தோட்ட மூலையைப் பற்றி யாரும் எழுதவில்லையே! மிளகாய், கத்தரி விதைகளை வீட்டுக்குள் இதுவரை போடாவிட்டால் இனிப் போட்டுக் காலம் போதாது. மே மாதத்தில் கன்றாகவே வாங்குங்கள். பாவல் விதையை ஓர் இரவு ஊறவைத்து, இந்த மாத இறுதியில் சிறு சாடிகளில் வீட்டுக்குள் ஊன்றினால் போதும். மே 25க்கு முந்திய திங்களான விக்ரோறியா தினம் கழியும் வரை இவற்றில் எதையும் நிலத்தில் நட வேண்டாம். இப்போதே ஏதாவது விதைக்கக் கை துடித்தால், பசளிக்கீரைக்குப் பதிலாகக் குளிர் தாங்கும் ஸ்பினாச்சை விதையுங்கள்.

வீட்டுக்குள் கறிவேப்பிலை இருந்தால், இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்காத காலம் வந்த பின் வெளியே வையுங்கள். முதல் வாரம் முழுவதும் நிழலில் இருக்கட்டும். கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலைக்கு நேர் வெயில் ஒரே நாளில் பட்டால் வெளிறிக் கருகிவிடும். சாடியை வெளியே எடுப்பதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் ஒருமுறை நீரால் கழுவிவிடுங்கள். மாரி முழுவதும் வீட்டுக்குள் இருந்த செடியில் செதிற்பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கும்.