துண்டு போட்டு இடம் பிடிச்ச கை, டாக்ஸிக்கு நீட்டினப்போ

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டை எறிஞ்சு சீட் பிடிச்சு வளர்ந்த கை என்னோடது. அதே கையை சிங்கப்பூர்ல நீட்டினேன். டேங்க் ரோடு செட்டியார் கோயில்ல கும்பிட்டுட்டு, ஆத்தாவோட டாக்ஸி ஸ்டாண்டுக்கு வந்தேன். ஆறேழு பேர் கம்பியை ஒட்டி வரிசையா நிக்கிறாங்க. வளைவுல ஒரு வண்டி திரும்புது, கூரை மேல பச்சை எழுத்து எரியுது. பச்சைன்னா காலி, சிவப்புன்னா உள்ள ஆள் இருக்குன்னு மகன் சொல்லிக் கொடுத்திருந்தான். நான் கெட்டிக்காரத்தனமா இருபதடி முன்னாடி ஓடிப்போய் மறிச்சேன்.

டிரைவர் நிறுத்தலை. விரலால ஸ்டாண்டைக் காட்டிட்டு நேரா வரிசை தலைமாட்டுக்குப் போயிட்டாரு. திரும்பி வந்து பார்த்தா என் இடமும் போச்சு, அதுக்குள்ள இன்னும் நாலு பேர் வரிசையில சேர்ந்துட்டாங்க, அவங்களுக்கும் பின்னாடி நாங்க கடைசி. யாரும் ஒரு வார்த்தை பேசலை, அதுதான் சுருக்குன்னு இருந்துச்சு. ஆத்தா மட்டும், "பந்தியில சாப்பிடுறவன் நாற்காலிக்குப் பின்னாடி போய் நிக்கிற புத்தி எங்க போகும்"னாங்க.

இன்னொண்ணு. அங்க இரவு 12 மணியிலேர்ந்து காலை 6 வரைக்கும் மீட்டர் தொகையில 50 சதவீதம் கூடுதல். அதனால பதினொன்னே முக்காலுக்கு நின்னீங்கன்னா காலி வண்டியைக் கண்ணுல பார்க்கிறதே அபூர்வம். பன்னிரண்டு அடிச்சதும் எங்கேர்ந்துதான் வருமோ! உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தா சொல்லுங்க.

தேவகோட்டைக்காரர்:
அண்ணே, நீங்க மறிச்சது ஸ்டாண்டுல. ஸ்டாண்டே இல்லாத தெருவுல என்ன செய்வீங்க? நியூயார்க்ல ரெண்டு வருஷம் இருந்தேன். மஞ்சள் டாக்ஸி கூரையில நம்பர் எரிஞ்சா காலி, அணைஞ்சிருந்தா ஆள் இருக்கு. சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்கு டிரைவருங்க ஷிப்ட் மாத்துற நேரம். ஆபீஸ் விடுறதும் அப்பத்தான். அன்னிக்கு மழை வேற.

அரை மணி நேரமா ஒரு முனையில கை நீட்டி நிக்கிறேன். கோட் போட்ட ஒருத்தர் என்னைத் தாண்டி, வண்டி வர்ற திசையில அரைத் தெரு மேல போய் நின்னாரு. வந்த முதல் வண்டி அவருக்கு. நம்ம கண்மாய்ல மேல்மடைக்காரன் தண்ணியைத் திருப்பிக்கிட்டா கடைமடைக்காரன் வாயைப் பிளந்துக்கிட்டு நிப்பானே, அதேதான். சட்டப்படி குத்தமில்லை, ஆனா அந்த ஊர்க்காரங்களே அதை அசிங்கமாத்தான் நினைக்கிறாங்க. ரெண்டாவது ஒரு அம்மா அப்படியே மேல போனாங்க. "நான் முதல்ல நிக்கிறேன்"னு சத்தமா சொன்னேன். அவங்க, "அய்யோ, கவனிக்கலையே"ன்னு அடுத்த முனைக்குப் போயிட்டாங்க. வெளிநாட்டுக்காரன்தானேன்னு வாயை மூடிக்கிட்டு நின்னா விடிய விடிய நிக்க வேண்டியதுதான். ஏறினதும் இறங்கினதும் சரி, டிப்ஸ் 15லேர்ந்து 20 சதவீதம் வைக்காம இறங்கிடாதீங்க, அதுக்கு முறைப்பாங்க.

பள்ளத்தூர் ஆச்சி:
டோக்கியோவுல எல்லாம் தலைகீழ். கண்ணாடிக்குள்ள சிவப்பு எழுத்து தெரிஞ்சாத்தான் வண்டி காலி. சிங்கப்பூர் பழக்கத்துல நான் மூணு காலி வண்டியை விட்டுட்டேன்! கதவைத் தொடவே கூடாது, டிரைவர் உள்ளேர்ந்து திறப்பாரு, அவரே சாத்துவாரு. நம்ம பலத்தைக் காட்டி இழுத்துச் சாத்தினா அவர் முகம் வாடிப்போகுது. டிப்ஸ் நீட்டினா திருப்பிக் கொடுத்துடுறாங்க.

கோட்டையூர்லேர்ந்து:
நான் வெளிநாடே போனதில்லை. ஆனா வெளிநாட்டுக்காரங்க இங்க படுற பாட்டைப் பார்த்திருக்கேன். கானாடுகாத்தான்ல பெரிய வீடுகளைப் பார்க்கப் போற வெள்ளைக்காரப் புருஷன் பொண்டாட்டி, காரைக்குடியில ஷேர் ஆட்டோவுக்கு நிக்கிறாங்க. எப்படி? ஒருத்தருக்குப் பின்னாடி ஒருத்தரா, ரெண்டே பேருக்கு ஒரு வரிசை! முதல் ஆட்டோ வந்துச்சு, நம்ம ஆளுங்க நாலு பக்கமும் ஏறிட்டாங்க. ரெண்டாவதும் அப்படியே. அந்த மனுசன் சிரிச்சுக்கிட்டே ஓரமா ஒதுங்கி வழி விடுறாரு.

மூணாவது ஆட்டோ வேகத்தைக் குறைக்கிறதுக்குள்ள எங்க ஆத்தா தன் காய்கறிக் கூடையைத் தூக்கி சீட்ல வச்சாங்க. ஏற வந்தவங்களை, "ஆள் வருது, ஆள் வருது"ன்னு விரட்டிட்டு, அந்த ரெண்டு பேரையும் கையைப் பிடிச்சு உள்ள தள்ளினாங்க. கூடையை எடுத்துக்கிட்டு நாங்க அடுத்த ஆட்டோவுக்கு நின்னோம். அது வர்றதுக்கு அரை மணி நேரம் ஆச்சு.