ஒரே பெயரில் இரண்டு ஓட்டு: கருக்கலைப்பு பற்றி நண்பர்களுக்குள் பேசிய அனுபவங்கள்

கொலம்பஸ், ஒஹாயோ

2023-இல் எங்கள் ஒஹாயோ மாநிலத்தில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை 'இஷ்யூ 1' என்ற வாக்கெடுப்புக் கேள்விக்கு ஓட்டுப் போட்டோம். ஆகஸ்ட் 8 அன்று வந்த இஷ்யூ 1, மாநில அரசியல் சாசனத்தைத் திருத்த இனிமேல் பாதிக்கு மேல் வாங்கினால் போதாது, 60 சதவீதம் வேண்டும் என்றது. நவம்பர் 7 அன்று வந்த இஷ்யூ 1, கருக்கலைப்பு உரிமையை அந்தச் சாசனத்தில் சேர்க்கலாமா என்று கேட்டது. உரிமை வேண்டும் என்பவர் ஆகஸ்டில் 'நோ', நவம்பரில் 'யெஸ்' போட வேண்டும். வேண்டாம் என்பவருக்கு அப்படியே தலைகீழ். எங்கள் நண்பர் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இதைப் புரியவைப்பதற்குள் அக்டோபர் வந்துவிட்டது.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு காலை பேட்மின்டன், அப்புறம் யாராவது ஒருவர் வீட்டில் பொங்கலும் வடையும். இதில் குடியுரிமை வாங்கி ஓட்டு இருப்பவர்கள் சிலர். எச்1பி வேலை விசாவில் இருந்துகொண்டு ஓட்டே இல்லாமல் எல்லோரையும்விடச் சத்தமாக வாதாடுபவர்கள் பலர். (இது பொதுவிதி என்றே நினைக்கிறேன்.)

பேச்சு சூடு பிடித்தது 2022 ஜூன் 24-க்குப் பிறகு. அன்றுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய 1973-ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பை ரத்து செய்தது. அன்று மாலையே ஒஹாயோவில், சுமார் ஆறு வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. 2019-இல் கவர்னர் டிவைன் கையெழுத்திட்டு, நீதிமன்றத் தடையில் கிடந்த சட்டம் அது. ஆறு வாரம் என்றால் பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியும். எங்கள் கூட்டத்து ஆண்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கணக்கு தெரியவில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள் என்று ஒரு தோழி விளக்கிய பிறகு, "அப்படின்னா நாலு வாரம் சும்மாவே ஓடிடுதே" என்றார் ஒருவர். இரண்டு பிள்ளைகளின் அப்பா.

அடுத்த மாதமே பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கருக்கலைப்புக்காக ஒஹாயோவிலிருந்து இந்தியானாவுக்குக் கூட்டிப் போன செய்தி வந்தது. தொலைக்காட்சியில் அது கட்டுக்கதை என்றார்கள். எங்கள் கூட்டத்திலும் ஒருவர் அதையே சொன்னார். சில நாட்களில் இதே கொலம்பஸில் ஒருவரைக் கைது செய்தார்கள். அந்த ஞாயிறு அவர் விளையாட வந்தார், பேச்சை எடுக்கவில்லை. நாங்களும் கிளறவில்லை.

நான் எழுத வந்தது வேறொருவரைப் பற்றி. இரண்டு கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கும் அண்ணன் அவர். டிரம்புக்கு இரண்டு முறை ஓட்டுப் போட்டவர், அதை மறைக்கவும் மாட்டார். ஆகஸ்ட் தேர்தலில் அவர் 'நோ' போட்டது எங்களுக்குத் தெரியும், காரணத்தை அவரே ஊருக்கெல்லாம் சொன்னார். ஆகஸ்ட் மாதச் சிறப்புத் தேர்தல்களில் செலவுதான் அதிகம், ஆள் வருவதில்லை என்று சொல்லி, அவற்றில் பெரும்பாலானவற்றை நிறுத்தும் சட்டத்தை அந்த ஜனவரியில்தான் கொண்டுவந்திருந்தார்கள். மே மாதம் அதே ஆட்கள் இதற்காக ஓர் ஆகஸ்ட் தேர்தல் வைக்கிறார்கள். "ஆட்டம் பாதியில கோட்டை மாத்தி வரையறாங்க. எவன் செஞ்சாலும் தப்புதான்" என்பார். அந்த இஷ்யூ 1 சுமார் 57-க்கு 43 என்று தோற்றது.

நவம்பரில் என்ன போட்டார் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டோம். ஒரு வருடம் கழித்து, 2024 தேர்தல் முடிந்து மூன்றாவது முறையும் டிரம்ப் என்று அவர் சொன்னபோது, எச்1பி தம்பி ஒருவன் கோபத்தில், "உங்களுக்கும்தான் ரெண்டு பொண்ணு இருக்கு அண்ணா" என்று விட்டான். அவர் பதற்றமே இல்லாமல், "அதுக்குத்தான் போன வருஷமே யெஸ் போட்டேனே. அது சாசனத்துல ஏறிடுச்சு. இப்ப இது வரிக்கும் விலைவாசிக்கும் போட்ட ஓட்டு" என்றார்.

எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. சாசனத்தில் ஏறிவிட்டால் போதுமா, அதற்கு அர்த்தம் சொல்லப்போவது நீதிபதிகள். ஒஹாயோவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். அதைச் சொன்னேன். "சரி, அதுக்கும் ஒரு நாள் சண்டை போடுவோம்" என்று வடையை எடுத்துக்கொண்டார். ஆனால் அண்ணன் தனி ஆள் இல்லை. 2023-இல் இதே மாநிலம் கருக்கலைப்பு உரிமைக்கு 56.8 சதவீதம் 'யெஸ்' சொன்னது. அடுத்த ஆண்டு டிரம்பைச் சுமார் 11 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது. இரண்டையும் செய்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தால்தான் அது நடக்கும். அவர்களில் ஒருவரோடு வாராவாரம் ஷட்டில் அடித்துக்கொண்டே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

அந்த இஷ்யூ 1 சமயம் இங்கே வந்திருந்த என் மாமியார், வாசலில் நட்டிருந்த பிரசாரப் பலகைகளைப் பார்த்து, "இதுக்கெல்லாமா ஓட்டு வைப்பாங்க? டாக்டர்கிட்ட போறதுதானே?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். உங்களுக்கு இப்படி நடந்த பேச்சுகள் இருந்தால் எழுதுங்கள். யார் சரி என்ற தீர்ப்பு வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

சின்சினாட்டி, ஒஹாயோ

நான் எதிர்ப்பக்கம். நவம்பரில் 'நோ' போட்டவன். தூத்துக்குடிக்காரன், கத்தோலிக்கன். அதைச் சொன்னதும் நண்பர்கள், "சாமியார் சொன்னபடி போட்டிருப்பார்" என்று முடித்துவிடுகிறார்கள். எங்கள் பங்குக் கோயில் மறையுரையில் இதைப் பற்றிப் பேசினார்கள், மன்றாட்டும் இருந்தது, உண்மைதான். ஆனால் என் காரணம் வீட்டில் இருக்கிறது. இரண்டாவது கர்ப்பத்தின்போது டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம் என்று ஸ்கேனில் சொன்னார்கள். 'என்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள்' என்று மருத்துவர் கேட்ட வேகம் எனக்கு இன்னும் கசப்புதான். மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். வீட்டிலேயே அதிகம் பேசுவது அவள்தான்.

சட்டமாகவும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. வெளியில் பிழைக்கக்கூடிய கட்டம் எது என்பதை அந்தந்த மருத்துவரே தீர்மானிப்பார், அதற்குப் பிறகும் தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ தேவை என்றால் செய்யலாம் என்கிறது அந்தத் திருத்தம். உடல்நலம் என்றால் எதுவரை? இதை நண்பர் வீட்டில் கேட்டபோது ஒருவர், "அப்போ நீங்க டிரம்ப் ஆளா?" என்றார். இல்லை. 2020-இல் நான் பைடனுக்குப் போட்டவன். கிரீன் கார்டு வரிசையில் என் தம்பி நின்றுகொண்டிருந்தான். கொலம்பஸ் அண்ணன் கதையைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அவர் எனக்கு அப்படியே தலைகீழ், ஆனால் இருவருக்கும் கிடைக்கிற திட்டு ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாக்குச்சீட்டுச் சுருக்கத்தில் 'பிறக்காத குழந்தை' என்று எழுதினார்களே, அது எங்கள் பக்கத்துக்குச் சாதகம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியும் தோற்றோம். மக்கள் சீட்டைப் பார்த்து முடிவு செய்யவில்லை, முடிவோடுதான் வந்தார்கள்.

டாலஸ் பக்கம், டெக்சாஸ்

சுருக்கமாக எழுதுகிறேன், விரிவாக எழுத முடியாது.

2022 கடைசியில் மனைவிக்குப் பதினெட்டாவது வாரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தை பிழைக்காது என்று மருத்துவமனையிலேயே சொன்னார்கள். ஆனால் துடிப்பு இருக்கிறது, காய்ச்சலோ கிருமித் தொற்றோ தெரியும்வரை ஒன்றும் செய்ய முடியாது, வீட்டில் இருந்து வெப்பநிலை பாருங்கள் என்றார்கள். இங்கே 2021 செப்டம்பர் முதல், கருக்கலைப்புக்கு உதவிய யார் மீதும் தனிநபர் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம், ஜெயித்தால் குறைந்தது 10,000 டாலர். 2022 ஆகஸ்டிலிருந்து மருத்துவருக்கு ஆயுள்வரை சிறை, குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம். அந்த மருத்துவர் கெட்டவர் இல்லை. பேசும்போது எங்கள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

மனைவிக்குக் குளிர்க்காய்ச்சல் வந்த பிறகுதான் மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். பிழைத்துவிட்டாள்.

பிறகு ஒரு நண்பர், "தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு சட்டத்திலேயே இருக்கிறதே" என்றார். இருக்கிறது. எந்த நிமிடத்தில் ஆபத்து தொடங்குகிறது என்று முதலில் வக்கீலைக் கேட்கிறார்கள், அதுதான் வித்தியாசம் என்றேன். அவர் வாதாடவில்லை. அவர் மனைவி ரசமும் பருப்புத் துவையலும் செய்து கொண்டுவந்து கொடுத்தார், பல நாள். 2024-இல் அவர் வழக்கமான கட்சிக்குத்தான் போட்டார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. இனி கேட்கப்போவதும் இல்லை. ரசத்துக்கு நன்றிக்கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒஹாயோக்காரர்களைப் பார்த்து ஒரு பொறாமை உண்டு. டெக்சாஸில் மாநில அளவில் மக்களே கையெழுத்துச் சேகரித்து ஒரு கேள்வியை வாக்குச்சீட்டுக்குக் கொண்டுவர வழியே கிடையாது. நாங்கள் கட்சியைத்தான் மாற்ற முடியும்.

டப்ளின், அயர்லாந்து

டாலஸ் நண்பர் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. இங்கே சவிதா ஹாலப்பனவருக்கு நடந்தது கிட்டத்தட்ட இதேதான். கர்நாடகத்துப் பெண், பல் மருத்துவர், 31 வயது. 2012 அக்டோபரில் கால்வேயில், பதினேழு வாரம். கரு நிற்காது என்று தெரிந்தும் துடிப்பு இருப்பதால் கலைக்க மறுத்தார்கள். 28-ஆம் தேதி கிருமித் தொற்றில் இறந்தார். செய்தி வெளியானது தீபாவளிக்கு மறுநாள். நான் செவிலியர், அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தேன். வார்டில் ஐரிஷ்காரர்கள் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார்கள், நான் ஏதோ அவருடைய தங்கை மாதிரி. என்ன பதில் சொல்வது?

1983-இல் சாசனத்தில் சேர்த்த எட்டாவது திருத்தம் தாய்க்கும் கருவுக்கும் சம உயிருரிமை என்றது. அதை நீக்கலாமா என்ற வாக்கெடுப்பு 2018 மே 25 அன்று. எனக்கு அப்போது குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை. ஆனால் டீ நேரத்தில் வேறு பேச்சே கிடையாது. என்னோடு வேலை செய்த மலையாளிச் சகோதரிகள் பலர் பக்தியான கத்தோலிக்கர்கள், நீக்கக் கூடாது என்பவர்கள். எங்களுக்குள் சண்டை வரவில்லை, வேறொன்று நடந்தது. யாருடைய ஷிஃப்டில் எந்த நோயாளியைப் பார்த்தோம் என்று பெயர் சொல்லாமல் பேச ஆரம்பித்தோம். இங்கிலாந்துக்குப் போய்க் கலைத்துவிட்டு ரத்தப்போக்கோடு திரும்பிவந்த பெண்களை அவர்களும்தான் பார்த்திருந்தார்கள். அதில் ஒருவர், "நான் செய்ய மாட்டேன், உதவியும் செய்ய மாட்டேன், ஆனால் விமானத்தில் அனுப்புவது வெட்கக்கேடு" என்றார். அந்த வாக்கியத்தை நான் பல இடங்களில் கடன் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரம்மா 1983-இல் திருத்தத்துக்கு ஆதரவாகப் போட்டவர். 2018-இல் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். "வாடகையை ஏற்றிவிடுவேன், ஓடு" என்றார். நாடு 66.4 சதவீதம் நீக்கச் சொன்னது. 1983-இல் சேர்க்கச் சொன்னதும் ஏறக்குறைய அதே அளவுதான், 66.9.

திருச்சி

கொலம்பஸ் தம்பியின் மாமியார் கேட்டது நல்ல கேள்வி. ஓய்வு பெற்ற மகப்பேறு மருத்துவர் நான், அரசு மருத்துவமனையில் இருந்தேன். தேர்தல் மேடையில் ஒரு வேட்பாளர் கருக்கலைப்பைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. நம் நாட்டில் அது 1971 சட்டத்தோடு முடிந்துவிட்ட விஷயம் மாதிரி இருக்கிறது. அந்தச் சட்டம் பெண்ணுரிமைப் போராட்டத்தால் வந்தது என்று நினைக்காதீர்கள். மக்கள்தொகைக் கவலையும், எருக்கங்குச்சி வைத்துக் கலைத்துச் சீழ்பிடித்துச் செத்த பெண்களின் கணக்கும்தான் பின்னணி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் குச்சியை நானே எடுத்திருக்கிறேன்.

அதனால்தான் முடிவு இங்கே மருத்துவர் கையில் இருக்கிறது. இருபது வாரம்வரை ஒரு மருத்துவர், 2021 திருத்தத்துக்குப் பிறகு சில வகைப் பெண்களுக்கு இருபத்துநான்கு வரை இரண்டு மருத்துவர்கள் சம்மதிக்க வேண்டும். திருமணமாகாதவர்களுக்கும் அந்த வரம்பு உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினெட்டு வயது நிறைந்தவர் என்றால் சட்டப்படி அவர் கையெழுத்து மட்டும் போதும். ஆனாலும் 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா' என்று திருப்பி அனுப்புவது எத்தனை இடங்களில் நடக்கிறது என்று பெண்களைக் கேளுங்கள்.

அரசியலே இல்லை என்றும் சொல்ல முடியாது. நமக்கு அது வேறு வாசல் வழியாக வந்தது. பெண் குழந்தை என்றால் வேண்டாம் என்பதுதான் நம் பிரச்சினை. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம், 1994-இல் பாலினம் சொல்லத் தடைச் சட்டம். சின்சினாட்டி தம்பியின் கசப்பு எனக்குப் புரிகிறது. மருத்துவர் கேட்கிற வேகத்தில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கும், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் உங்களை அந்த நிமிடத்தில் ஒரு கேள்வியாவது கேட்டார்கள், முடிவு உங்களுடையதாக இருந்தது. டாலஸ் தம்பி வீட்டில் கேட்கவே ஆளில்லை.

சின்சினாட்டி, ஒஹாயோ

டாக்டரம்மா, அந்தக் கடைசி வரிக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். டாலஸ் நண்பர் எழுதியதை மறுபடி படித்தேன். அவர் மனைவிக்கு நடந்ததை நான் ஆதரிக்கவில்லை, எங்கள் பங்கிலும் யாரும் ஆதரிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். என் ஓட்டு மாறாது. ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்களிடம் கேட்க எனக்கு இப்போது ஒரு கேள்வி இருக்கிறது.

செயின்ட் லூயிஸ், மிசௌரி

கொலம்பஸ்காரரே, எங்களுக்கும் அதே எண் குழப்பம். 2024 நவம்பரில் 'திருத்தம் 3' என்ற பெயரில் கருக்கலைப்பு உரிமை 51.6 சதவீதத்தில் ஜெயித்தது. 2025-இல் சட்டமன்றம் அதை ரத்து செய்ய இன்னொரு திருத்தத்தை 2026 நவம்பர் வாக்குச்சீட்டுக்கு அனுப்பியது. அதற்கும் பெயர் திருத்தம் 3. போன முறை 'யெஸ்' போட்டவர்கள் இந்த முறை 'நோ' போட வேண்டும். சிறார்களுக்கான பாலின மாற்றச் சிகிச்சைக்குத் தடையையும் அதிலேயே சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் ஆகஸ்ட் 2023-இல் உங்கள் கூட்டத்துக்கு எப்படி விளக்கினீர்கள் என்று கொஞ்சம் எழுதுங்கள், எங்கள் பொங்கல் வடைக் கூட்டத்தில் உபயோகப்படும்.