மத்தியகால ஐரோப்பிய இசையும் இன்றைய மேடையும்: வாசிப்பவர்களின் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது பேசுபவரின் அடையாளப் பெயர்; கின்னரம் என்றால் ஹார்ப்)

கின்னரம்

உடை, மெழுகுவர்த்தி, மேடை அலங்காரம் எல்லாம் அப்புறம். 12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையான இசை மேடையில் எடுபடுவதும் படுத்துவிடுவதும் சுருதியில்தான். அந்தக் காலத்து ஏட்டாசிரியர்கள் சொல்வது பித்தகோரஸ் முறை. எல்லா சுரங்களும் சுத்தமான ச–ப இடைவெளியை (702 செண்ட்; ஒரு ஸ்தாயி 1200 செண்ட்) அடுக்கிக்கொண்டே போய்ப் பிறப்பவை. அதனால் அந்தர காந்தாரம் 408 செண்டில் போய் நிற்கும். தம்புராவில் தானாகக் கேட்கும் சுயம்பு காந்தாரம் 386. இடையே 22 செண்ட் வித்தியாசம். தம்புராவுக்குப் பழகிய காது இதைச் சுருதி பிசகு என்றே சொல்லும், பியானோவுக்குப் பழகிய காதுக்கும் கொஞ்சம் உறுத்தும்.

உறுத்தத்தான் வேண்டும். ஜி–பி (மேற்கத்திய சுரப் பெயர்கள்) என்று இரண்டு குரல்கள் 408இல் நிற்கின்றன. கீழ்க்குரல் 204 செண்ட் இறங்கி எஃப்புக்குப் போகிறது, மேல்குரல் 90 செண்ட் மட்டும் ஏறி சி-க்குப் போகிறது. கூட்டிப் பாருங்கள்: 408 + 204 + 90 = 702. இறுக்கமாக நின்றது சுத்தமான பஞ்சமத்தில் போய் உட்கார்கிறது. காந்தாரத்தை இனிமையாக்குகிறேன் என்று 386க்கு இறக்கிவிட்டால் அந்த உட்காரல் செத்துவிடும். 14ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் மஷோவின் பாடல்கள் மந்தமாகக் கேட்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இப்படிச் சுருதி சேர்க்கச் சாதாரண டியூனர் (சுருதி காட்டும் கருவி) போதும், எண்கள் அது காட்டும் செண்ட். ஏ-வைப் பூஜ்யமாக வையுங்கள். டி −2, ஜி −4, சி −6, எஃப் −8. மறுபக்கம் ஈ +2, பி +4. பஞ்சமங்களைக் காதால் சரிபார்த்துவிட்டு, கடைசியாக ஸ்தாயிகளை ஒப்பிடுங்கள்.

ஐந்து நரம்பு

ஃபிடில் (பிரெஞ்சில் வியெல், வயலினுக்கு முந்தைய வில் வாத்தியம்) வாசிப்பவர்களுக்கு. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இசை நூல் எழுதிய துறவி மொராவியாவின் ஜெரோம் மூன்று சுருதி அமைப்புகளை எழுதி வைத்திருக்கிறார். முதலாவது: டி, அதற்குக் கீழே ஜி, ஒரு ஸ்தாயி மேலே இன்னொரு ஜி, பிறகு ஒரே உயரத்தில் இரண்டு மேல் டி. முதல் டி விரல்பலகைக்கு வெளியே ஓடும், கட்டைவிரலாலோ வில்லாலோ தொடுவதற்கு மட்டும். வயலின் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். குதிரை (நரம்புகளைத் தாங்கும் மரத்துண்டு) ஏறக்குறையத் தட்டை என்பதால் ஒரு நரம்பை மட்டும் தனியே இழுக்க முடியாது, பக்கத்து நரம்பும் கூடவே பேசும். அதைக் குறை என்று நினைத்துக் குதிரையை வளைவாகச் செதுக்கினால், கையில் இருப்பது மோசமான ஒரு வயலின்.

நரம்பு என்றால் நிஜ நரம்பு, ஆட்டுக் குடல். கம்பி சுற்றிய நரம்பு 17ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வருகிறது. ஆகவே கீழ் ஜி தடியாக இருக்கும், தாமதமாகத்தான் பேசும். வில்லை மெதுவாக, கனமாக இழுங்கள். அவசரப்பட்டால் வெறும் உரசல்தான் மிஞ்சும்.

புது நரம்பைக் கச்சேரிக்கு நாலைந்து நாள் முன்பே கட்டிவிடுங்கள். அரங்குக்குள் இரண்டு மணி நேரம் முன்பே வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திறந்து வையுங்கள். ஏசி ஓடும் அரங்கில் ஆட்கள் நிரம்பியதும் ஈரப்பதம் மாறும், நரம்பும் மாறும். நரம்பில் பிசிர் கிளம்பினால் பிய்க்காதீர்கள், உரிந்துகொண்டே போகும். நகவெட்டியால் அடியோடு வெட்டுங்கள். வில் படாத பகுதிக்கு ஒரு சொட்டு பாதாம் எண்ணெய் போதும். முறுக்காணி நழுவினால் சாக்பீஸ், இறுகினால் காய்ந்த சோப்பு.

சக்கரம்

ஹர்டி-கர்டி பற்றி நான் சொல்கிறேன், இதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றினால் ரோசின் (வில்லுக்குப் பூசும் பிசின்) பூசிய மரச்சக்கரம் நரம்புகளை உரசும். வில் வேலையைச் சக்கரம் செய்கிறது. கேட்க எளிமை. ஆனால் பாதி நேரம் வாசிப்பு, பாதி நேரம் பஞ்சு.

சக்கரம் தொடும் இடத்தில் ஒவ்வொரு நரம்பிலும் பஞ்சு சுற்ற வேண்டும். நீளமான இழையுள்ள பஞ்சாகப் பாருங்கள். மருந்துக்கடைப் பஞ்சு இழை குட்டை, சீக்கிரம் கொட்டிவிடும். பின்னால் இருக்கும் எழுத்து தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பிரித்து, நரம்பில் வைத்து, சக்கரத்தை அது வழக்கமாகச் சுழலும் திசையில் மெதுவாகச் சுற்றினால் தானே சுற்றிக்கொள்ளும். தடித்தால் ஒலி கம்பளிக்குள் புதைந்த மாதிரி இருக்கும், மெலிந்தால் கீச்சிடும்.

அடுத்தது அழுத்தம். நரம்பு சக்கரத்தில் அதிகம் அழுத்தினால் கரகரக்கும், உச்ச சுரங்கள் சுருதி ஏறும். குதிரையின் பள்ளத்தில், நரம்புக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் செருகினால் நரம்பு கொஞ்சம் எழும்பும். ஒரு மடிப்பா இரண்டு மடிப்பா என்பதில்தான் எல்லாம். ரோசினைச் சக்கரம் சுழலும்போது லேசாகத் தொடுங்கள். நிறுத்திவைத்துத் தேய்த்தால் அந்த ஒரு இடம் கட்டிதட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விக்கல் வரும். சக்கரத்தின் விளிம்பை விரலால் தொடாதீர்கள், தொடவிடவும் வேண்டாம். இடைவேளையில் குழந்தைகள் ஓடிவருவார்கள், அந்தப் பளபளப்பைத் தொட்டுப் பார்க்கத்தான்.

ஒரு வரலாற்றுத் திருத்தம். கைப்பிடியை வெடுக்கென்று சுற்றினால் தாளத்துக்கு உறுமும் 'நாய்' என்ற அதிரும் சின்னக் குதிரை 13ஆம் நூற்றாண்டுப் படங்களில் கிடையாது. ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா பேராலய வாயிலில் (1188) செதுக்கியிருப்பது இருவர் சேர்ந்து வாசிக்கும் பெரிய வாத்தியம்: ஒருவர் சுற்ற, மற்றவர் சாவிகளைக் கையாள்வார். 13ஆம் நூற்றாண்டு ஸ்பானிய மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவின் கந்திகாக்களுக்கு (மரியாள் பாடல்கள்) உறுமல் போட்டால் கூட்டம் கைதட்டும், ஆனால் அது வேறு நூற்றாண்டின் சத்தம்.

துருத்தி

கைத்துருத்தி ஆர்கனுக்கு மேடையில் எதிரி குளிர்தான். குழாய்களின் சுருதி ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 செண்ட் நகரும். 20 டிகிரி அறையில் ஒத்திகை பார்த்துவிட்டு 12 டிகிரி தேவாலயத்துக்குப் போனால் 24 செண்ட் இறங்கியிருக்கும். ஆர்கனை ஒவ்வொரு குழாயாக மாற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காது, அதனால் மற்றவர்கள்தான் ஆர்கனுக்குச் சேர வேண்டும். சுருதி கொடுப்பவர் ஆர்கன்காரர் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்மோனியம் மாதிரியே இடக்கை துருத்தி, வலக்கை சுரம். ஆனால் இதில் காற்றைச் சேமிக்கும் பெட்டி கிடையாது, துருத்தி திரும்ப நிரம்பும்போது ஒலி நிற்கும். ஆகவே பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் நீங்களும் எடுக்க வேண்டும். இத்தாலிய இசையமைப்பாளர் லாண்டினி (இறப்பு 1397) இதில் பேர்போனவர். ஃபுளோரன்ஸில் அவருடைய கல்லறைக் கல்லில் இந்த வாத்தியத்தோடுதான் இருக்கிறார்.

சீவாளி

ஷாம் நம் நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம், சீவாளியும் நாணல்தான். வாசிக்கும் முன் சில நிமிடம் நனையுங்கள், எப்போதும் இரண்டு தயார் வையுங்கள். அந்தக் காலத்தில் வாத்தியங்களைப் பெரிய சத்தம், சின்னச் சத்தம் என்றே பிரித்தார்கள். ஷாமும் நகரா முரசும் (ஐரோப்பாவிலும் அதே அரபுச் சொல்தான், ஆங்கிலத்தில் நேக்கர்) ஒரு பக்கம், கின்னரமும் ஃபிடிலும் மறுபக்கம். 'எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய முடிவு' என்று ஏற்பாட்டாளர் கேட்பார். சேர்ந்தால் கின்னரம் காட்சிப்பொருள்.

கின்னரம்

தாளத்தைப் பற்றி ஒரு மனத்தாங்கல். அந்தக் காலத்து இசை ஏடுகளில் தாளவாத்தியத்துக்கு எழுதிய வரி ஒன்றுகூடக் கிடையாது. எந்த வாத்தியம் என்பதும் பெரும்பாலும் எழுதியிருக்காது. ஆய்வாளர் கிறிஸ்டோபர் பேஜ் போன்றவர்கள் அக்காலப் பலகுரல் பாடல்களில் கணிசமானவை வாத்தியமே இல்லாமல் பாடப்பட்டிருக்கலாம் என்று வாதிட்டு, அப்படியே பாடியும் காட்டினார்கள். எதிரொலி நாலைந்து நொடி நிற்கும் தேவாலயத்தில் எல்லாப் பாட்டுக்கும் நகரா தட்டினால் வார்த்தை ஒன்றும் புரியாது. நடனங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நரம்பு

நடனம் என்றால், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்து இத்தாலிய ஏட்டில் 15 இருக்கின்றன. ஒவ்வொரு பகுதியும் இரண்டு முறை வரும். முதல் முறை தொங்கலில் நிற்கும் 'திறந்த' முடிவு, இரண்டாவது 'மூடிய' முடிவு. ஒற்றை வரி இசையில் கேட்பவர்கள் வழி தவறிவிடுவார்கள், அதனால் தொடங்கும் முன் இரண்டு முடிவுகளையும் தனியே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். முப்பது நொடி வேலை. அலங்காரங்களை இரண்டாம் முறைக்கு வையுங்கள்.

கூட்டத்தைப் பாடவைக்க ஸ்பெயினின் மோன்செராத் மடத்துச் சிவப்பு ஏடு (1399) போல வேறில்லை. மடத்துக்கு வந்த யாத்ரீகர்கள் இரவில் கண்டதையும் பாடாமல், நல்லதைப் பாடி ஆடட்டும் என்றே எழுதப்பட்டது, 10 பாடல்கள். பல்லவியை மட்டும் சொல்லிக்கொடுங்கள், சுருதியைத் தாழ்வாக வையுங்கள்.

துருத்தி

பி ஃபிளாட்டுக்கு (பி-க்கு அரைச்சுரம் கீழே) டியூனரில் எவ்வளவு?

கின்னரம்

−10. கின்னரத்தில் ஒரு ஸ்தாயிக்கு ஏழு நரம்புதான், பி-யும் பி ஃபிளாட்டும் ஒன்றாக இருக்காது. ஃபிளாட் வரும் பாட்டுகளை எல்லாம் இடைவேளைக்குப் பின் போட்டால் ஒரே ஒருமுறை மாற்றினால் போதும். ஈ ஃபிளாட் (−12) வைத்த ஆர்கனில் ஜி ஷார்ப்பும் (ஜி-க்கு அரைச்சுரம் மேலே, +10) இருந்தால் இரண்டையும் சேர்த்து அழுத்தாதீர்கள். 702 வர வேண்டிய இடத்தில் 678 செண்ட் வரும், ஓநாய் ஊளை.