“இணையம் பயன்படுத்துகிறீர்களா?” என்று இணையத்திலேயே கேட்டோம்

முதியோர் உடல்நலம் பற்றிய இணையவழிக் கணக்கெடுப்பு ஒன்றில் சில மாதம் வேலை பார்த்தேன். படிவத்தில் “இணையம் பயன்படுத்துகிறீர்களா?” என்று ஒரு கேள்வி. ஏறக்குறைய எல்லோரும் ஆமாம். வேறு என்ன பதில் வரும்! எங்களுக்குத்தான் அது உறைக்க நாளாயிற்று.

எண்பது தாண்டியவர்கள் குறைவாக வந்ததால், அவர்களில் ஒருவர் பதிலை மூன்று பேருக்குச் சமமாக எடுத்துக்கொண்டோம். வயது விகிதம் சரியாகிவிட்டது. (நானும் தலையாட்டியவன்தான்.) ஆனால் அந்த வயதில் தானே போனைத் திறந்து நாற்பது கேள்விகளைத் தாண்டுகிறவர், கண்ணும் கையும் நினைவும் நன்றாக இருப்பவர். படுக்கையில் கிடப்பவர்களின் இடத்திலும் அவரையே உட்கார வைத்தோம். முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள் பட்டியலிலேயே கிடையாது; நாங்கள் ஆள் எடுத்தது வீட்டு முகவரிகளிலிருந்து.

ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை விரலால் நகர்த்த வேண்டும். விரல் நடுங்கி 3-இல் நின்றது. “நான் ஏழுக்குத்தாம்ப்பா போனேன், அது வரமாட்டேங்குது” என்றார். திருத்துவதற்குள் நேரம் முடிந்து மறுபடி ஓடிபி கேட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கணக்கில் அவர் “பாதியில் விலகியவர்”.

மறுமொழி:
நான் அப்பாவுக்காகப் படிவம் நிரப்பியவள். “தனிமையாக உணர்கிறீர்களா?” என்ற இடத்தில், அவரைக் கேட்காமலே “ஒருபோதும் இல்லை” என்று தட்டினேன். வீட்டில்தான் இத்தனை பேர் இருக்கிறோமே! ராத்திரி சும்மா கேட்டுப் பார்த்தேன். “இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சா?” என்றார். அனுப்பிய படிவத்தைத் திருத்த வழியில்லை.

மறுமொழி:
இது பழைய வியாதி. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கியும் லாண்டன் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலும் கார் பதிவேட்டிலும் எடுத்தவை; அன்று அவை இரண்டும் வசதியானவர்களிடம்தான் அதிகம். 2007-இல் தொடங்கிய நெதர்லாந்தின் லிஸ் (LISS) என்ற இணையவழி ஆய்வு, இணையம் இல்லாத வீடுகளுக்குக் கணினியும் இணைப்பும் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது.

நாங்களும் முதியோரிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம்; எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை. பெரிய எழுத்தில் தாள் அச்சடித்து, தபால்தலை ஒட்டிய உறையோடு அனுப்பினோம். படிக்க முடியாதவர்களிடம் நேரில் போனோம். திரும்பி வந்த தாள் ஒன்றில் எந்தக் கட்டத்திலும் குறி இல்லை. ஓரம் முழுக்க முழங்காலைப் பற்றியே எழுதியிருந்தது. அதை எதில் பதிவது என்று அரை மணி நேரம் பேசினோம்.